பேச்சு நிற்கக் கூடாது

எங்கள் மலையில் "டாக்டர்" என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அவர்களில் ஒருவருக்கும் ஊசி போடத் தெரியாது. எல்லாரும் நட்சத்திரத்தைப் படித்துப் பட்டம் வாங்கியவர்கள். ஊசி போடத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். என்னை வெறுமனே எலியேசர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

கலாமா நகரத்தில் ஆம்புலன்சில் ஓடிக்கொண்டிருந்தவன் நான். பிறகு அட்டகாமா பாலைவனத்துக்கு மேலே, ஐயாயிரம் மீட்டர் உயரத்தில், ரேடியோ தொலைநோக்கிகள் நிற்கும் அந்தச் சமவெளிக்கு மருத்துவ உதவியாளனாக வந்தேன். கடற்கரையில் கிடைக்கிற காற்றில் பாதிதான் அங்கே கிடைக்கும். மேலே ஏறுகிறவர்களின் ரத்த அழுத்தம் பார்ப்பேன், விரலில் கருவியை மாட்டி ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்ப்பேன். சரியில்லை என்றால் "நீங்க இன்னிக்கு ஏற வேண்டாம்" என்று சொல்லித் திட்டு வாங்குவேன்.

என்னிடம் அதிகம் சண்டை போட்டவர் டாக்டர் மிரெயா சன்வேசா. தெற்கே, வருஷமெல்லாம் மழை கொட்டும் வால்திவியாவில் பிறந்தவர். நாற்பது வயதுகூட ஆகாத பெண்மணி. எதற்கும் "இன்னும் அஞ்சே நிமிஷம்" என்பார். அந்த மார்ச் மாதக் கடைசியில் அவருடைய குழு ஒரு பெரிய வேலையில் இருந்தது. உலகத்தின் பல மூலைகளில் இருக்கும் தொலைநோக்கிகள், ஒரே நேரத்தில், ஒரே கருந்துளையை நோக்கித் திரும்பியிருந்தன. ஒவ்வொரு இடத்திலும் பதிவானது மலைபோலக் குவிந்திருந்தது. எந்தக் கம்பி வழியாகவும் அதை அனுப்பி முடிக்க முடியாதாம். அதனால் வட்டுகளில் பதித்துப் பெட்டியில் அடுக்கி, விமானத்தில்தான் அனுப்பியாக வேண்டும். எங்கள் உச்சியின் காற்றுக்குச் சாதாரண வட்டுகூடத் தாங்காது, மனுஷன் மாதிரி அதுவும் திணறிவிடும் என்று ஒருமுறை அவரே சொல்லியிருக்கிறார். அதற்காக ஹீலியம் அடைத்து மூடிய வட்டுகள் வாங்கியிருந்தார்கள்.

நான்கு இரவும் எல்லா நாட்டிலும் வானம் தெளிவாக இருந்தது. அப்படி அமைவது அபூர்வம். ஐந்தாம் நாள் எங்கள் பக்கம் மழை வருகிறது என்று வானிலைக்காரர்கள் எச்சரித்தார்கள். சாலையை மூடுவதற்கு முன் வட்டுகளை இறக்கிவிட வேண்டும் என்று மிரெயா காலையிலேயே மேலே ஏறிவிட்டார். மதியத்துக்குள் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை.

வட்டுகள் இருந்த அறைக்குத் தேடிப் போனேன். அவர் இருமுவது கதவுக்கு வெளியிலேயே எனக்குக் கேட்டது. உள்ளே போனால், பெட்டிக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. தூசி, வேறொன்றுமில்லை என்றார். நான் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டேன். பாலித்தீன் பையை மெல்லக் கசக்குவது போல ஒரு சத்தம். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. அதற்கு முதல் மருந்து கீழே இறங்குவது. அது கிடைக்காவிட்டால் மற்ற மருந்தெல்லாம் இரண்டாம் பட்சம்.

வெளியே பனி விழ ஆரம்பித்திருந்தது. ஹெலிகாப்டர் வர வழியில்லை. இரண்டு வரிசை இருக்கையும் பின்னால் திறந்த தொட்டியும் கொண்ட பிக்கப் வண்டியோடு வில்மா கோல்கே வந்து நின்றார். சொக்காய்ரே கிராமத்துக்காரர், ஐம்பத்தைந்து வயசு. மலைப்பாதையில் அவரை மிஞ்சி வண்டி ஓட்ட ஆள் கிடையாது. நாங்கள் எல்லாரும் அவரை அக்கா என்போம். மிரெயாவைப் பின் இருக்கையில் சாய்த்து, முகமூடி வழியாக ஆக்சிஜன் கொடுத்து, பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். வட்டுப் பெட்டிகளைத் தொட்டியில் ஏற்றப் போன அக்காவை மிரெயா விடவில்லை. கடைசியில் ஒரு பெட்டி முன் இருக்கையிலும் இன்னொன்று அதன் காலடியிலும் ஏறின. வில்மா அக்கா முன் இருக்கைப் பெட்டிக்கு பெல்ட்டும் மாட்டினார்.

உயரத்தில் வரும் இந்த நோயில் இன்னொரு பயம் உண்டு. நுரையீரலோடு நிற்காமல் மூளையும் வீங்க ஆரம்பிக்கலாம். அதற்கு வண்டியில் கருவி எதுவும் இல்லை. இருக்கிற ஒரே கருவி பேச்சுதான். ஆளைப் பேச வைக்க வேண்டும். பேச்சு தெளிவாக இருக்கிறவரைக்கும் பயமில்லை, குழற ஆரம்பித்தால் நேரமில்லை என்று அர்த்தம். மூச்சு வாங்குகிற ஆளை அதிகம் பேச வைக்கவும் கூடாது. நான்கு வார்த்தை பேசச் சொல்லி, ஆக்சிஜன் கொடுத்து, மறுபடி நான்கு வார்த்தை. என்ன கேட்பது? சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் தலையாட்டிவிட்டுத் தூங்கிவிடுவார். அவரால் பேசாமல் இருக்க முடியாத விஷயம் ஒன்றுதான் உண்டு.

"வில்மா அக்காவுக்குச் சொல்லுங்க டாக்டர். இவ்ளோ பாடும் அந்தக் கருந்துளையப் பாக்கத்தானே?"

முகமூடியை விலக்கினார். "அதப் பாக்கவே முடியாது."

வில்மா அக்கா கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். "பாக்க முடியாத ஒண்ணுக்கா என்ன இந்தப் பனியில வண்டி ஓட்ட வெச்சிருக்கீங்க?"

எனக்கு வேண்டியது அதுதான். மிரெயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வருகிற மூளை நல்ல மூளை. விட்டு விட்டு, இருமி இருமிச் சொன்னார். ஒரு பொருளிலிருந்து வெளிச்சம் கிளம்பி நம் கண்ணுக்கு வந்து சேர்ந்தால்தான் அதைப் பார்த்ததாக அர்த்தம். வண்டி விளக்கு பாறையில் பட்டுத் திரும்பி வருவதால்தான் பாறை தெரிகிறது. கருந்துளைக்கு இழுப்பு அவ்வளவு பலம். அதற்கு ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லைக்குள் போன வெளிச்சம் திரும்பி வராது. உள்ளே இருந்தும் எதுவும் வெளியே வராது. எது வேகமாகப் போனாலும் வெளிச்சத்தைவிட வேகமாகப் போக முடியாது. அந்த வெளிச்சமே தோற்றுவிடுகிறது என்றால், அங்கே இருந்து சேதி கொண்டுவர ஆளே இல்லை.

"பெரிய டார்ச்சா எடுத்துட்டுப் போய் உள்ளருந்து அடிச்சா?" என்றார் வில்மா அக்கா.

"எவ்ளோ பெரிய டார்ச்சா இருந்தாலும்..." மூச்சு முட்டியது. நான் முகமூடியை வைத்தேன். அவரே அதை விலக்கினார். "வெள்ளத்துல மீன் எதிர்நீச்சல் போடுதுன்னு வைங்க. மீன் நீந்தறதவிட வெள்ளம் வேகமா ஓடினா, மீன் எந்தப் பக்கம் பாத்து நீந்தினாலும் கீழதான் போகும். அங்க இடமே அப்படி உள்ளாற ஓடுது."

பனி நின்று மழையானது. பாலைவனத்து மழை மண்ணுக்குள் இறங்காது. எங்கள் மண் அதை மறந்தே போயிருக்கும். கல்லின்மேல் விழுந்ததுபோல எல்லாம் வழிந்தோடும். சாலையின் ஓரமெல்லாம் சிவந்த வாய்க்கால்கள் கிளம்பின. வில்மா அக்கா மிக மெதுவாக ஓட்டினார். ஆனால் கேள்வியை விடவில்லை. பார்க்க முடியாது என்றால் அப்புறம் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டார்.

அதைச் சுற்றி இருப்பது இருக்கிறது என்றார் மிரெயா. உள்ளே விழப்போகிற வாயு, விழுவதற்கு முன் தகதகவென்று கொதித்துக்கொண்டு சுற்றுகிறது. அது இன்னும் எல்லையைத் தாண்டாததால் அதன் ஒளி நமக்கு வருகிறது, அதன் ரேடியோ அலையும் வருகிறது. அதைப் பதிவு செய்தால் ஒரு வளையம் கிடைக்கும். நடுவில் இருட்டு. அந்த இருட்டும் கருந்துளை அல்ல, அதன் நிழல்தான்.

"அப்ப நீங்க பிக்கரோனப் படம் எடுத்துட்டு, ஓட்டையப் படம் எடுத்தேன்னு ஊருக்குச் சொல்லப் போறீங்க." பிக்கரோன் என்பது மழை நாளில் எங்கள் வீடுகளில் பூசணி மாவைப் பிசைந்து, நடுவில் துளையிட்டுப் பொரிக்கும் பண்டம்.

மிரெயா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, கைக்குட்டையில் இளஞ்சிவப்பு நுரை வந்தது. அதை நான் மட்டும் பார்த்தேன்.

"நடுவுல ஒண்ணுமே இல்லாமக்கூட இருக்கலாமே டாக்டரம்மா? இருட்டா இருந்தா ஏதோ இருக்குன்னு ஆயிடுமா?"

நல்ல கேள்வி என்றார் மிரெயா. ஒன்றுமில்லாததைச் சுற்றி எதுவும் அந்த வேகத்தில் ஓடாது. வளையம் எவ்வளவு பெரிது என்று அளந்தால் நடுவில் எத்தனை சூரியன் கனம் உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஆனால் அது அவ்வளவு தூரத்தில் இருக்கிறது. நிலாவில் ஓர் ஆரஞ்சுப் பழத்தை வைத்து இங்கிருந்து பார்த்தால் எப்படியோ, அப்படி. அதற்குப் பூமி அளவுக்கு ஒரு கண் வேண்டும். அப்படி ஒரு கண் செய்ய முடியாதென்றுதான் ஆங்காங்கே ஒரு துண்டாக வைத்து, எல்லாப் பதிவையும் பிறகு ஒன்றாகச் சேர்க்கிறார்கள். எங்கள் துண்டுதான் இருப்பதிலேயே பெரிது. அது இல்லாவிட்டால் மற்றவை ஒன்றுக்கும் உதவாது.

சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். நான் தோளைத் தட்டினேன். கண் திறந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. முன் இருக்கையில் இருந்த வில்மா அக்காவின் பின்னந்தலையைப் பார்த்து, குழந்தைக் குரலில், "அம்மா, மழை வருது. துணியெல்லாம் எடுத்தாச்சா?" என்றார்.

நான் ஆக்சிஜன் உருளையின் திருகைக் கூட்டினேன்.

வில்மா அக்கா சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எடுத்துட்டேன் கண்ணு. எல்லாம் மடிச்சு வெச்சாச்சு," என்றார்.

நான் மறுபடி கேட்டேன்: "டாக்டர், கருந்துளைய ஏன் பாக்க முடியாது?"

"கதவு பூட்டியிருக்கு," என்றார். "சாவி அப்பாகிட்ட."

மூளை வீக்கத்துக்கான மருந்துக் குப்பியை உடைத்து ஊசி போட்டேன். வில்மா அக்கா வேகத்தைக் கூட்டினார். இரண்டு திருப்பம் தாண்டியதும் அப்படியே நிறுத்தினார்.

சாலை இல்லை. வருஷமெல்லாம் காய்ந்து கிடக்கும் ஓடையில் வெள்ளம் சாலையை அறுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. கல் உருண்டு கல்லில் மோதும் சத்தம் வயிற்றுக்குள் கேட்டது. எதிர்க்கரையில், மலையடியில் இருக்கும் எங்கள் முகாமின் ஆம்புலன்ஸ் விளக்கைச் சுழலவிட்டுக்கொண்டு நின்றது. அதன் பக்கத்தில், சாலைப் பராமரிப்புக்கு வைத்திருந்த மண் அள்ளும் வண்டி. முன்னால் பெரிய இரும்பு வாளி மாட்டியது. அதை ஓட்டும் ரமிரோ வயர்லெஸ்ஸில் சொன்னான்: ஒரே ஒரு தடவை வந்துவிட்டுத் திரும்ப முடியும். அடியில் தரை அரிக்கிறது, இரண்டாம் தடவை கேட்காதீர்கள். வாளியில் இரண்டு பேர் உட்காரலாம்.

ஊசி வேலை செய்ய ஆரம்பித்திருந்ததா, குளிர் காற்று முகத்தில் பட்டதா தெரியவில்லை, இறக்கும்போது மிரெயாவுக்குக் கொஞ்சம் நினைவு வந்தது. வந்ததும் முதல் வேலையாகப் பெட்டியைக் கேட்டார். வாளிக்குள் தண்ணீர் தெறிக்கும், பெட்டி நனைந்தால் எல்லாம் போச்சு என்று சொன்னேன். அப்படியானால் தானும் வரமாட்டேன் என்று வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டார். நிற்கத் தெம்பில்லாதவருக்குப் பிடி மட்டும் இரும்பாக இருந்தது.

வில்மா அக்கா அந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார். "நான் இங்கதான் இருக்கேன். வண்டியும் இருக்கு, பெட்டியும் இருக்கு. உங்க கருந்துளை எத்தன கோடி வருஷமா அங்கயே கெடக்கு? ஒரு ராத்திரி பொறுக்காதா? நீங்க பொறுக்க மாட்டீங்க. கெளம்புங்க."

கம்பளிகளை விரித்த வாளியில், மிரெயாவை மடியில் சாய்த்துக்கொண்டு, ஆக்சிஜன் உருளையைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு நான் உட்கார்ந்தேன். நடுவில் வண்டி ஒருமுறை சரிந்தது. பழுப்புத் தண்ணீர் என் இடுப்புவரை வந்து திரும்பிப் போனது. கண்ணைத் திறந்தபோது எதிர்க்கரையில் நாலைந்து கைகள் எங்களைத் தூக்கிக்கொண்டிருந்தன. திரும்பிப் பார்த்தேன். அந்தப் பக்கம் மழைக்குள் வில்மா அக்கா ஒரு கையை உயர்த்திவிட்டு வண்டிக்குள் ஏறுவது தெரிந்தது.

இரண்டாயிரம் மீட்டர் கீழே இறங்குவது என்ன செய்யும் என்று மருத்துவப் புத்தகத்தில் படிக்கலாம்; கண்ணால் பார்ப்பது வேறு. முகாம் மருத்துவ அறையில் படுக்க வைத்து, முழு ஆக்சிஜன் கொடுத்துக் கொஞ்ச நேரத்திலேயே உதட்டில் நிறம் வர ஆரம்பித்தது. விடிவதற்குள் மூச்சிரைப்பு தணிந்தது. ஆனால் தலை தெளிந்ததா என்று தெரிய வேண்டுமே. கண் விழித்ததும் குனிந்து கேட்டேன்.

"டாக்டர். கருந்துளைய ஏன் பாக்க முடியாது?"

அவர் என்னை முறைத்தார். "இன்னும் எத்தன தடவ எலியேசர்? அங்கருந்து வெளிச்சம் வெளிய வராது. வராதத எப்படிப் பாப்பீங்க? சுத்தி இருக்கறதத்தான் பாக்கலாம்."

நாற்காலியில் உட்கார்ந்தேன். அழுதேனா சிரித்தேனா என்று அவர் பிறகு பலமுறை கேட்டிருக்கிறார், எனக்கே தெரியாது.

ஆனால் அந்த நிம்மதியை முழுசாக அனுபவிக்க முடியவில்லை. நாங்கள் கடந்து வந்த கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்துக் கரை இடிந்து விழுந்தது என்று ரமிரோ முன்னிரவிலேயே வந்து சொல்லியிருந்தான். வில்மா அக்காவின் வண்டி நின்றிருந்த இடமே இப்போது இல்லை. மேலே இருந்த வயர்லெஸ் கோபுரத்தில் இடி விழுந்து தொடர்பும் போயிருந்தது.

அக்காவைப் பற்றி மிரெயா கேட்டார். மறைக்க வேண்டும் என்று நினைத்தேன், முகம் காட்டிக்கொடுத்துவிட்டது. நடந்ததைச் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். "பெட்டி போனாப் போகட்டும்," என்றார். "அடுத்த வருஷம் வானம் தெளியும், இல்ல அதுக்கு அடுத்த வருஷம். அக்கா வந்தாப் போதும்."

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் நினைத்ததில்லை.

காலையில் மழை இல்லை. எங்கள் வெள்ளம் வந்த வேகத்திலேயே வடிந்துவிடும். ஓடையில் மண்ணை நிரப்பி வழி போட ரமிரோ தன் வண்டியோடு போனான். நான் முகாம் வாசலில் நின்று, ஈரத்தில் கருத்துப் போயிருந்த சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டிச் சத்தம் முதலில் கேட்டது, நான் நம்பவில்லை. பிறகு சேறு பூசி நிறமே தெரியாத ஒரு வண்டி திருப்பத்தில் வந்தது. முன் கண்ணாடியில் துடைப்பான் துடைத்த அரைவட்டத்துக்குள் வில்மா அக்காவின் முகம்.

வெள்ளத்தின் சத்தம் மாறியதைக் கேட்டதும் கரை நிற்காது என்று தெரிந்துவிட்டதாம். வண்டியைத் திருப்ப இடமில்லை. பின்னோக்கியே ஓட்டி, மேலே பாறை வளைவு வரை போயிருக்கிறார். அவர் போய் நின்ற பிறகுதான் கரை சரிந்தது. கதவு ரப்பர் கிழிந்து உள்ளே தண்ணீர் சொட்டியதால் தன் மழைக்கோட்டைக் கழற்றிப் பெட்டிகளின்மேல் போர்த்தியிருந்தார். அவர் உடம்பு முழுக்க நனைந்து, பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. எனக்குக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. அதற்குப் பதிலாக விரலில் கருவியை மாட்டி ஆக்சிஜன் பார்த்தேன். என்னைவிட நன்றாக இருந்தது.

"பெட்டி ரெண்டும் ஒரு வார்த்த பேசல," என்றார். "ராத்திரி முழுக்க நான் மட்டுமே பேசிட்டு இருந்தேன். சரியான ஊமைங்க."

மருத்துவ அறைக்குள் ஒரு பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு வந்தார். மிரெயா எழுந்து உட்கார்ந்துவிட்டார். பெட்டியைப் பார்க்கவில்லை. அக்காவின் ஈரக் கையைப் பிடித்து, அடி எதுவும் படவில்லையே என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

"ரமிரோகிட்ட பந்தயம் கட்டிட்டு வந்தேன் டாக்டரம்மா, நீங்க மொதல்ல பெட்டியத்தான் கேப்பீங்கன்னு," என்றார் வில்மா அக்கா. "தோக்க வெச்சிட்டீங்களே." ஈரத் துணியோடு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். இருவரும் அப்படியே ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொண்டிருந்தார்கள். நான் தேநீர் போடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, நெடுநேரம் தேநீர் போட்டேன்.

மிரெயாவுக்கு நுரையீரல் சுத்தமாகிவிட்டது. பெட்டிகள் விமானம் ஏறின. ஆனால் அப்போதும் எதுவும் உறுதியில்லை. குளிரிலும் குலுக்கலிலும் வட்டுகள் கெட்டிருக்கலாம்; எங்கள் கடிகாரம் மற்ற நாட்டுக் கடிகாரங்களோடு மயிரிழை பிசகியிருந்தாலும் பதிவுகள் ஒன்றோடொன்று பொருந்தாது. பொருந்தினால்தான் படம்.

மே மாதத்தில் ஒரு பகல், மிரெயா போனில் கூப்பிட்டார். "பொருந்திடுச்சு," என்றார். பிறகு அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. சுத்தமான மூச்சு. என் காது அதைத்தான் முதலில் கவனித்தது.

அன்று விடுமுறையில் இருந்தேன். வண்டியை எடுத்துக்கொண்டு சொக்காய்ரேக்குப் போனேன். படிக்கட்டு வயலில் வில்மா அக்காவும் அவர் வீட்டுக்காரரும் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார்கள். வரப்பில் நின்று சேதியைச் சொன்னேன். அக்கா மண்வெட்டியை ஊன்றி, இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

அவர் வீட்டுக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, அப்படியானால் அந்தக் கருந்துளை கடைசியில் தெரிந்துவிட்டதா என்று கேட்டார்.

"அது எப்படித் தெரியும்?" என்றார் அக்கா. "அங்கருந்துதான் வெளிச்சமே வராதே. சுத்தி எரியுது பாருங்க, அதுதான் தெரியும். நடுவுல நெழல். உக்காருங்க, சொல்றேன்."

அவர் மண்ணில் குச்சியால் ஒரு வட்டம் போட ஆரம்பித்தார். நான் சட்டைக் கையை மடித்துவிட்டு, அவர் விட்ட இடத்திலிருந்து கிழங்கைத் தோண்டினேன். ஈர மண் லேசாக இருந்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் கை நிறையக் கிழங்கு வந்தது.